பழஞ்சோறு முதல் பாண் வரை

நாள்தோறும் உண்ணும் மூவேளை உணவுகளுள் எளிதில் மாறாதது மதிய உணவு; எளிதில் மாறுவது காலை உணவு. நண்பகலிற் சோறும் கறியும் உண்ணும் வழக்கம் ஈழநாட்டிற் பல நூற்றாண்டுகளாக ஏறத்தாழ ஒரே நிலையில் நின்று வருகின்றது. காலை உணவின் கதை அத்தகையதன்று. ஒரே வீட்டில் வாழும் மூன்று தலைமுறையினரை எடுத்துக்கொண்டால் இவ்வுண்மை விளங்கும். பாட்டி தம் இளமையிற் பழஞ்சோறு உண்டு வளர்ந்தவர். மகள் பாணும் சம்பலும் உண்டு பாடசாலைக்குச் சென்றவர். பேரப்பிள்ளையோ கடையில் வாங்கிய பெட்டியைத் திறந்து, கடல் கடந்து வந்த தானியச் சீவல்களைப் பாலிற் கொட்டி உண்ணுகின்றது. கூரை ஒன்று, அடுக்களை ஒன்று, காலை உணவு மட்டும் மூன்று.

"புதிதாக எதை உண்ணலாம்? உடலுக்கு நல்லது எது? வயிற்றுக்கு நிறைவு தருவது எது?" என்று இக்காலத்திற் பலரும் வினவுகின்றனர். நல்ல வினாத்தான். ஆயின், புதியது எது என்று தேடப் புகுமுன், பழையது எவ்வாறு வந்தது, ஏன் போயிற்று என்பதை அறிந்துகொள்ளுதல் வேண்டும். எந்தக் காலை உணவையும் மூன்று கேள்விகளாற் சோதித்துப் பார்க்கலாம். அது நண்பகல் வரை உடலைத் தாங்குமா என்பது முதலாவது. உடம்புக்கு வேண்டிய சத்தைத் தருமா என்பது இரண்டாவது. அது யாருடைய நிலத்தில் விளைந்து, யாருடைய உழைப்பால் ஆக்கப்படுகின்றது என்பது மூன்றாவது. வரலாறு முழுவதும் இம்மூன்று கேள்விகளுக்கும் மக்கள் கண்ட விடைகளே காலை உணவாக அமைந்துள்ளன.

பழைய காலத்து யாழ்ப்பாணக் கமக்காரனின் காலையை நோக்குவோமாயின், அது விடியலுக்கு முன்னரே தொடங்கிவிடும். புகையிலைத் தோட்டத்துக்கும் தறைக்கும் நீர் இறைக்க வேண்டும். துலாவின் மேல் ஒருவன் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கிணற்றடியில் மற்றொருவன் பட்டையைப் பிடித்து ஊற்ற, வேறொருவன் வாய்க்காலை மாறிக் கட்டுவான். வெயில் ஏறுமுன் இறைப்பு முடிதல் வேண்டும். அவ்வாறு உழைத்து வந்தவன் முன் வைக்கப்பட்ட உணவு பழஞ்சோறு. முதல்நாள் வடித்த சோற்றிலே தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடிவைப்பர். இரவு முழுவதும் அது இலேசாகப் புளிக்கும். காலையில் அதனைப் பிசைந்து, மோரோ தயிரோ சேர்த்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு உண்பர். முதல்நாட் கறி சட்டியில் எஞ்சியிருப்பின் அதனையும் சேர்த்துக் குழைத்து, உருண்டையாக உருட்டிப் பிள்ளைகளின் கைகளிற் கொடுப்பது தாய்மாரின் வழக்கம். மட்டக்களப்புப் பகுதியில் எருமைத் தயிர் மிகுதியாதலின், அங்கே பழஞ்சோற்றுக்குத் தயிர் உற்ற துணையாயிற்று.

இவ்வுணவை வறுமையின் அடையாளம் என்று பின்வந்தோர் இகழ்ந்தனர். உண்மையில் அது நுண்ணிய அறிவின் விளைவு. காலையில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை, விறகு மிச்சம். எஞ்சிய உணவு வீணாவதில்லை. வெப்ப நாட்டில் வியர்வை சிந்தி உழைப்பவனுக்கு நீரும் உப்பும் ஒருங்கே கிடைக்கின்றன. புளிப்பினால் உணவு எளிதிற் செரிக்கின்றது. முதற் கேள்வியாகிய "நண்பகல் வரை தாங்குமா?" என்பதற்குப் பழஞ்சோறு தந்த விடை ஐயத்துக்கு இடமற்றது.

பழஞ்சோற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது கஞ்சி. முசுட்டை, முல்லை, வல்லாரை, தவசிமுருங்கை முதலிய இலைகளை இடித்துச் சாறெடுத்து, அரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சும் இலைக்கஞ்சியைப் பனையோலைப் பிளாவிற் குடிப்பர். சிங்கள மக்களிடையே 'கொள கெந்த' எனப்படுவதும் இத்தகைய இலைக்கஞ்சியே. வேலியோரத்தில் விளைவதையே மருந்தாகவும் உணவாகவும் ஆக்கிய வழக்கம் இரு இனத்தாருக்கும் பொதுவானது. கஞ்சி எளியோரின் உணவு மட்டுமன்று, உயிர் காத்த உணவுமாகும். 1877ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்திற் பஞ்சமும் கொள்ளைநோயும் பரவியபோது, ஆறுமுக நாவலர் பொருள் திரட்டி நடத்திய கஞ்சித்தொட்டித் தருமத்தை வரலாறு இன்றும் பேசுகின்றது. "கூழானாலும் குளித்துக் குடி" என்னும் முதுமொழி, எளிய உணவையும் மதிப்போடு உண்ணக் கற்பித்த சமுதாயத்தின் குரலாகும்.

இனி, ஆவியில் வேகும் பலகாரங்களைக் கருதுவோம். அப்பம் சுட்டு விற்றோரைக் 'கூவியர்' என்னும் பெயராற் சங்க நூல்கள் குறிப்பிடுகின்றன. பிட்டு விற்ற வந்தி என்னும் முதியவளுக்காக இறைவன் கூலியாளாய் வந்து, உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பெற்று மண் சுமந்தான் என்னும் மதுரைக் கதையைத் தமிழர் யாவரும் அறிவர். பிட்டு எவ்வளவு பழைய உணவு என்பதற்கும், அது விற்பனைக்குரிய பண்டமாகவும் இருந்தது என்பதற்கும் அக்கதை சான்று பகர்கின்றது.

ஈழநாட்டுப் பிட்டைப் பற்றி அயல்நாட்டார் ஒருவர் எழுதிவைத்த குறிப்பும் உண்டு. 1660ஆம் ஆண்டிற் கண்டியரசனிடம் சிறைப்பட்டு, 1679ஆம் ஆண்டிலே தப்பிச் சென்ற இறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த தம் நூலிலே பிட்டு ஆக்கும் முறையை விளக்கியுள்ளார். குரக்கன் மாவில் நீர் தெளித்துக் கையால் உருட்டி வெடிமருந்துக் குருணைபோல ஆக்கி, கொதிநீர்ப் பானையின் வாயிற் கட்டிய துணியின் மேல் இட்டு ஆவியில் வேகவைப்பதை அவர் கண்டு எழுதினார். முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின்பும் ஈழத்து அடுக்களைகளில் நிகழும் செயல் அதுவே. அவர் கண்ட பிட்டு அரிசிப் பிட்டன்று, குரக்கன் பிட்டு என்பதும் கருதத்தக்கது. மழை பொய்த்த காலத்திலும் புன்செய் நிலத்தில் விளையும் குரக்கன், நெல்லுக்கு நிகராக மக்களைத் தாங்கியது. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு என்று இக்கால உணவியலார் கணித்துள்ளனர். எலும்பு வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கு இது பெருந்துணையாகும்.

வடபகுதியிற் பனை மற்றோர் உணவுக் களஞ்சியமாயிற்று. பனங்கிழங்கைப் பிளந்து வெயிலில் உலர்த்திய ஒடியலை மாவாக்கி, நீரில் ஊறவைத்துக் கசப்பு நீக்கிப் பிட்டு அவித்தனர். பனையோலையால் இழைத்த நீற்றுப்பெட்டியிலேயே அந்தப் பிட்டு வெந்தது. உணவும் அதனை ஆக்கும் கருவியும் ஒரே மரத்திலிருந்து கிடைத்த நாடு யாழ்ப்பாணம்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தலாகாது. பழைய காலைப் பலகாரங்களின் பெருமையைப் பேசுவோர் அவற்றை ஆக்கியவர்களின் பாட்டை மறந்துவிடுகின்றனர். அரிசியை ஊறவைத்து, உரலில் இட்டு இடித்து, அரித்து, வறுத்து, மீண்டும் அரித்து, அதன்பின் குழைத்து, இடியப்ப உரலிற் பிழிந்து, தட்டுத் தட்டாக அவித்து முடிக்கும்வரை வீட்டுப் பெண்களின் கை ஓய்வதில்லை. வீட்டார் உறக்கம் நீங்கு முன்னரே உலக்கை ஓசை எழும். ஆடவர் துலா மிதித்த அதே வேளையிற் பெண்டிர் உலக்கை பிடித்தனர். ஆடவரின் உழைப்பு நூல்களில் ஏறியது. பெண்டிரின் உழைப்பு உண்டு முடித்த கையோடு மறக்கப்பட்டது. மூன்றாவது கேள்வியாகிய "யாருடைய உழைப்பு?" என்பதற்குப் பழைய உணவு தந்த விடை இதுதான். பின்னர்ப் பாண் பெற்ற வெற்றியின் இரகசியமும் இதிலேயே அடங்கியுள்ளது.

பாண் என்னும் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. 1505ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்த போர்த்துக்கேயர், 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். பாணோடு, அதனைச் சுடும் அடுப்பைக் குறிக்கும் போறணை என்னும் சொல்லும், விசுக்கோத்து என்னும் சொல்லும் ஈழத்தமிழில் இடம்பெற்றன. எனினும், ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் ஆட்சியின் முற்பகுதியிலும் பாண் கோட்டைக்குள்ளும் பட்டினங்களிலும் வாழ்ந்தோரின் உணவாகவே பெரும்பாலும் இருந்தது. நாட்டுக் கள்ளையே புளிப்பூட்டும் பொருளாகக் கொண்டு மாவைப் பொங்கவைத்து இங்கே பாண் சுட்டனர். அப்பத்துக்குப் பயன்பட்ட அதே கள், அயலவரின் பாணுக்கும் உதவியது. ஆயினும், கிராமத்துக் குடியானவன் நோயுற்றபோதன்றிப் பாணை நாடினானில்லை. முந்நூறு ஆண்டுகள் பாண் வாயிற்படியில் நின்றதேயன்றி அடுக்களைக்குள் நுழையவில்லை.

அது நுழைந்த கதையைக் கூறுமுன், அரிசிக்கு நேர்ந்த ஒரு மாற்றத்தையும் அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி ஆலைகள் பெருகின. உரலிற் குற்றிய அரிசியிலே தவிட்டின் ஒரு பகுதி ஒட்டியிருக்கும். ஆலையரிசியோ முத்துப்போல வெளுத்து வந்தது. வெண்மையே நாகரிகம் என்று மக்கள் கருதினர். அதே காலத்திற் கிழக்காசிய நாடுகளிற் பெரிபெரி என்னும் நோய் பரவியது. கால்கள் மரத்து வீங்கி, நடை தளர்ந்து, இறுதியில் இருதயம் சோர்ந்து பல்லாயிரவர் மாண்டனர். அந்நோய் கிருமியால் வருவது என்றே மருத்துவர்கள் முதலில் எண்ணினர்.

யாவாத் தீவில் ஆய்வு நடத்திய கிறிஸ்தியான் எய்க்மன் என்னும் ஒல்லாந்த மருத்துவர், 1890ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் ஒரு விந்தையைக் கண்டார். ஆய்வுகூடத்துக் கோழிகள் பெரிபெரி போன்ற நோயால் தள்ளாடின. சில காலம் கழித்துத் தாமே குணமடைந்தன. காரணத்தைத் துருவி ஆராய்ந்தபோது, நோயுற்ற காலத்தில் அவற்றுக்கு மருத்துவமனைச் சமையலறையின் வெள்ளையரிசிச் சோறு இடப்பட்டது என்பதும், புதிதாக வந்த சமையற்காரர் அச்சோற்றைக் கோழிகளுக்குக் கொடுக்க மறுத்ததனால் மீண்டும் தவிடு நீங்காத அரிசி இடப்பட்டது என்பதும் வெளிப்பட்டன. எய்க்மனுக்கு 1929ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது.

அதே காலத்தில் மலாயாவிலும் ஒரு செய்தி வெளிப்பட்டது. அங்கே வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் மடிய, தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் அந்நோய்க்குத் தப்பினர். இரு சாராரும் ஒரே வெயிலில் உழைத்தவர்கள். அரிசியே இருவரது உணவு. வேறுபாடு எங்கே இருந்தது? தமிழர் உண்டது புழுங்கலரிசி. 1907ஆம் ஆண்டில் பிறட்டன் என்னும் மருத்துவர் இதனை எடுத்துக்காட்டினார். தொடர்ந்து பிறேசர், ஸ்ரான்ரன் என்னும் இருவர் தொழிலாளரிடையே நடத்திய சோதனைகளும் இதனை உறுதிப்படுத்தின. நெல்லை உமியோடு அவிக்கும்போது, தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. பின்னர்த் தீட்டினும் அது முற்றாக நீங்குவதில்லை. 'வைற்றமின்' என்னும் சொல்லுக்கு மூலமான பெயரை 1912ஆம் ஆண்டிற் காசிமிர் பங்க் என்னும் அறிஞர் வழங்கினார். அப்பெயர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, நெல் அவித்த தமிழ்ப் பெண்கள் அதன் பயனைத் தம் குடும்பத்தாருக்கு ஊட்டிவந்தனர். ஏன் என்று அவர்கள் அறியார், ஆயினும் செய்தனர். இரண்டாவது கேள்விக்கு அவர்கள் தந்த விடையை அறிவியல் பின்னர் வந்து ஒப்புக்கொண்டது.

இனிப் பாணின் கதைக்கு மீள்வோம். இரண்டாம் உலகப்போர் வரை இலங்கை தனக்கு வேண்டிய அரிசியிற் பெரும்பகுதியை அயல்நாடுகளிலிருந்து, சிறப்பாகப் பர்மாவிலிருந்து, தருவித்து வந்தது. 1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. மறுமாதமே கொழும்பும் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. பர்மா அரிசி அடியோடு நின்றது. அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது. கூப்பன் என்னும் சொல் வீட்டுச் சொல்லாயிற்று. குறைந்த அரிசியை ஈடுசெய்யக் கோதுமை மா வழங்கப்பட்டது. இந்நாட்டிற் பயிராகாத ஒரு தானியம் ஒவ்வொரு வீட்டின் அடுக்களைக்குள்ளும் இவ்வாறு புகுந்தது. முந்நூறு ஆண்டுகளிற் பீரங்கியும் அரசாட்சியும் செய்ய முடியாததைப் பங்கீட்டு அட்டை சில ஆண்டுகளிற் செய்து முடித்தது.

போர் முடிந்தும் அவ்வழக்கம் முடியவில்லை. காரணம் வெளிப்படை. பாணுக்கு உரல் வேண்டாம், உலக்கை வேண்டாம், விடியலுக்கு முன் எழ வேண்டாம். பேக்கரியில் அரை இறாத்தல் வாங்கி, ஒரு தேங்காய்ப் பாதியைத் துருவிச் சம்பல் இடித்தால் வீட்டார் பசியாறலாம். அலுவலகத்துக்கும் ஆசிரியத் தொழிலுக்கும் பெண்கள் செல்லத் தொடங்கிய காலத்திற் பாண் அவர்களுக்கு உற்ற துணையாயிற்று. அதனை நாகரிக மயக்கம் என்று மட்டும் பழித்தல் முறையன்று. அது பல தாய்மாருக்கு ஒரு மணிநேர உறக்கத்தை ஈந்தது.

பிட்டும் இடியப்பமும் கூடக் கோதுமைக்கு இடங்கொடுத்தன. மாவைத் துணியிற் கட்டி அவித்து, அரித்து, அரிசிமாவுடன் கலந்து குழைக்கும் முறையை யாழ்ப்பாணப் பெண்கள் கண்டனர். புதிய மா பழைய நீற்றுப்பெட்டியுள் வெந்தது. 1954ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய உணவு உதவிச் சட்டத்தின்கீழ் அந்நாட்டுக் கோதுமை மா இலங்கைக்கும் வந்தது. 'அமெரிக்கன் மா' என்னும் பெயர் யாழ்ப்பாணத்து அடுக்களைகளில் இன்றும் வழங்குகின்றது. மலையகத்திலே, அதிகாலைக் குளிரிற் கொழுந்து கொய்யப் புறப்படும் தோட்டத் தொழிலாளருக்குத் தேங்காய்ப்பூ சேர்த்துத் தட்டிச் சுட்ட கோதுமை ரொட்டியும் சாயத் தண்ணீருமே காலை உணவாகின. உலகுக்குத் தேயிலை கொடுத்தவர்களின் காலை, பாலில்லாத தேநீரில் தொடங்கியது.

உணவு அரசியலாயினமையையும் இக்காலம் கண்டது. 1952ஆம் ஆண்டு இறுதியிற் சீனாவுடன் இறப்பர் - அரிசி ஒப்பந்தம் செய்யப்பட்டது. 1953ஆம் ஆண்டு யூலை மாதத்திற் பங்கீட்டரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டுவந்த இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்டு 12ஆம் நாள் நாடு தழுவிய ஹர்த்தால் நிகழ்ந்தது. உயிர்கள் பலியாயின. அக்டோபர் மாதத்திலே பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். ஒரு கொத்து அரிசியின் விலை ஓர் அரசின் தலைமையையே மாற்ற வல்லது என்பதை நாடு உணர்ந்தது.

1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஏறியபோது, பாணுக்காக மக்கள் வைகறையிலேயே வரிசையில் நின்றனர். மரவள்ளிக் கிழங்கு பல வீடுகளிற் காலை உணவாயிற்று. 1980ஆம் ஆண்டில் திருகோணமலையிற் பெரும் மாவாலை ஒன்று இயங்கத் தொடங்கியது. ஆலை இந்நாட்டினது மண்ணில் நின்றதாயினும், அதில் அரைபட்ட கோதுமை கப்பலிலேயே வந்தது. 1990ஆம் ஆண்டின் பின், போரினாலும் தடையினாலும் வடபகுதிக்குப் பண்டங்கள் செல்வது அரிதானபோது, ஒடியலும் குரக்கனும் இலைக்கஞ்சியும் மீண்டும் துணை நின்றன. 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டமையால் நெல் விளைச்சல் குன்றியது. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றியது. உக்ரேன் போரினால் உலகெங்கும் கோதுமை விலை ஏறியது. பாணின் விலை எளியோர் எட்டாத உயரத்துக்குச் சென்றது. வெறும் வயிற்றோடு வகுப்பில் அமர்ந்த பிள்ளைக்கு எழுத்து எவ்வாறு மனத்திற் பதியும்? எண்பது ஆண்டு இடைவெளியில், 1942ஆம் ஆண்டு கற்பித்த பாடத்தை 2022ஆம் ஆண்டு மீண்டும் கற்பித்தது.

அப்பாடம் யாது? பாண் தீயது என்பதன்று. தன் நிலத்தில் விளையாத ஒரு தானியத்தின் மேல் ஒரு நாட்டின் காலை முழுவதையும் சாய்த்து வைத்தலாகாது என்பதே. கடலில் ஒரு போர் மூண்டால், சந்தையில் ஒரு விலை ஏறினால், பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையின் கோப்பை வெறுமையாகிவிடும்.

எனவே, புதிய காலை உணவைத் தேடுவோர் முற்கூறிய மூன்று கேள்விகளையும் கையிற் கொண்டு தேடுதல் நன்று. வெள்ளைப் பாணும் சீனி மிகுந்த தேநீரும் பசியை விரைவில் அடக்கி, விரைவிலேயே மீண்டும் எழுப்பிவிடும். தவிடு நீங்காத சிவப்பரிசி மாவிற் பிட்டவித்து, அவித்த பயற்றைக் கலந்து உண்டால் நண்பகல் வரை சோர்வு தோன்றாது. தானியப் புரதத்திற் குறைவாயுள்ள சத்தைப் பருப்புவகை நிறைவு செய்கின்றது. பருப்பிற் குறைவாயுள்ளதைத் தானியம் நிறைவு செய்கின்றது. ஆதலின் பிட்டும் பயறும், இடியப்பமும் பருப்பும், தோசையும் உழுந்தும் என்னும் சேர்க்கைகள் தற்செயலாய் அமைந்தும் தக்கனவாயின. அவித்த கௌப்பியும் தேங்காய்ப்பூவும் ஒரு காலை. குரக்கன் ரொட்டியும் கட்டச் சம்பலும் ஒரு காலை. இலைக்கஞ்சியும் ஒரு வாழைப்பழமும் ஒரு காலை. முளைகட்டிய பயறும் அவித்த முட்டையும் ஒரு காலை. வார இறுதியில் ஒடியற் பிட்டு. பாண் விரும்பப்படின் அதுவும் ஒரு காலை; ஆயின் அதனோடு சம்பல் மட்டுமன்றிப் பருப்பும் கீரையும் உடன் வருதல் வேண்டும். இவ்வாறு மாற்றி மாற்றி அமைத்தால், கிழமை முழுவதும் ஒரு நாளுணவு மறுநாளை ஒவ்வாது. பழையனவே வரிசை மாறி வந்து புதியனவாகும்.

உழைப்பைப் பற்றிய கேள்விக்கும் இன்று விடை உண்டு. உரலின் வேலையை ஆலையும் மின்னரைப்பானும் ஏற்றுக்கொண்டன. சிவப்பரிசி மாவும் குரக்கன் மாவும் ஒடியல் மாவும் வறுத்து அரித்த நிலையிற் கடைகளிற் கிடைக்கின்றன. பயற்றை முதல்நாளிரவே ஊறவைக்கலாம். பழஞ்சோற்றுக்கோ நீரூற்றி மூடும் ஒரு கணமே போதும். எஞ்சிய சிறு வேலையை வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்வாராயின், நல்ல காலை உணவு ஒரு பெண்ணின் உறக்கத்தை விலையாகக் கேளாது. தேங்காய் துருவத் தந்தை அறிந்திருத்தலும், பயறு கழுவ மகன் அறிந்திருத்தலும் கல்வியின் ஒரு பகுதியேயாம்.

பழஞ்சோறு உழவனுக்கு வலிமை தந்தது. புழுங்கலரிசி நோயைத் தடுத்தது. குரக்கனும் பனையும் பஞ்சத்திற் காத்தன. பாண் பெண்களின் கைச்சுமையைக் குறைத்தது. ஒவ்வொன்றிலும் ஒரு நன்மை இருந்தது. அந்நன்மைகளை மட்டும் தெரிந்தெடுத்து ஒரே தட்டில் வைக்கும் வாய்ப்பு இந்தத் தலைமுறைக்கே கிட்டியுள்ளது. அதற்குக் கடல் கடந்த பெட்டிகளைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. வேலியோரத்து முசுட்டையும், களத்துமேட்டு நெல்லும், புன்செய்க் குரக்கனும் அழைப்பாரை எதிர்நோக்கி நிற்கின்றன. வயிறு நிறைந்து பாடசாலை வாயிலுக்குள் நுழையும் பிள்ளையே அவ்வழைப்பின் பயன்.